ஞாயிறு, திங்கள், வெள்ளி: சீன எழுத்தைத் தட்டும் கணக்கு

முதல் செலவு டாலரில் இருக்கிறது. ஏறக்குறைய 1,20,000 டாலர். சீன எழுத்தாளர் லின் யூடாங் அமெரிக்காவில் ஆங்கிலப் புத்தகங்கள் எழுதிச் சேர்த்த பணம் அது. அதுவும் போதாமல் கடன் வாங்கினார். 1947-ல் அவ்வளவும் ஒரே ஒரு தட்டச்சு இயந்திரமாகி அவர் வீட்டில் நின்றது. அதற்கு மிங்குவாய் என்று பெயர் வைத்தார். தெளிவு, விரைவு என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை.

அந்த இயந்திரத்தில் 72 விசைகள். சீன எழுத்தின் மேல்பகுதியைக் குறிக்க 36, கீழ்ப்பகுதியைக் குறிக்க 28, எண்களுக்கு 8. மேல்விசை ஒன்று, கீழ்விசை ஒன்று அழுத்தினால் உள்ளே உருளைகள் சுழன்று, அந்த மேலும் கீழும் கொண்ட எழுத்துகளை ஒரு சிறு கண்ணாடிச் சாளரத்தில் காட்டும். அதிகபட்சம் எட்டு. வேண்டியதன் எண்ணை அழுத்தினால் தாளில் விழும். 36-ஐ 28-ஆல் பெருக்கினால் 1,008. அதை எட்டால் பெருக்கினால் 8,064. அன்றாடச் சீனத்துக்கு அது தாராளம். அதே காலத்துச் சீனத் தட்டச்சு அலுவலகங்களில் புழங்கிய இயந்திரத்தில் விசைப்பலகையே கிடையாது. சுமார் 2,500 ஈய எழுத்துகள் நிரம்பிய ஒரு தட்டு இருக்கும். அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடிக்க வேண்டும். லின் அந்தத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மூன்றே தட்டில் எழுத்தைப் பிடித்தார். 1946-ல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1952-ல் கைக்கு வந்தது. அதற்குள் சீனாவில் உள்நாட்டுப் போர் முடிந்து எல்லாம் மாறியிருந்தது. இரண்டாவது மிங்குவாய் செய்யப்படவே இல்லை.

இரண்டாவது செலவு அட்டைகளில் இருக்கிறது. அதுவும் 1,20,000. ஹெனான் மாநிலத்தின் நான்யாங்கில் வாங் யோங்மின் என்ற பொறியாளர் 1970-களின் கடைசியில் சீன எழுத்துகளை உறுப்பு உறுப்பாக வெட்டி, ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதி அடுக்கத் தொடங்கினார். எந்த உறுப்பு எத்தனை எழுத்தில் வருகிறது, எந்த இரண்டை ஒரே விசையில் வைத்தால் மோதாது என்று பார்ப்பதற்காகச் சேர்ந்த அட்டைகளின் எண்ணிக்கைதான் அந்த ஒரு லட்சத்து இருபதாயிரம். கணினி செய்ய வேண்டிய வேலையை, கணினிக்காகவே, கையால் செய்தார்கள். டாலரும் அட்டையும் ஒரே எண்ணில் வந்து நின்றது தற்செயல். ஆனாலும் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத்தான் எனக்குத் தோன்றுகிறது. இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஓர் எழுத்தை அதன் ஒலியைச் சொல்லாமல், உருவத்தைச் சொல்லியே வரவழைக்க முடியுமா?

இந்தக் கேள்வி தமிழுக்கு எழவே இல்லை. 247 எழுத்துகளையும் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்ற 31-க்குள் நம் முன்னோர் எப்போதோ அடக்கிவிட்டார்கள். 1999-ல் தமிழ்99 விசைப்பலகை வந்தபோது உயிர் இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் போக, மீதி 216-ஐயும் கணினி தானே சேர்த்துக்கொண்டது. சீனத்தின் கணக்கு வேறு. 1716-ல் முடிந்த காங்ஷி அகராதியில் 47,035 எழுத்துகள். சீன அரசு 1980-ல் கணினிக்கென வகுத்த பட்டியலில் 6,763. தைவானில் 1980-களில் வந்த பிக்-ஃபைவ் பட்டியலில் 13,053. 2013-ல் சீன அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105.

ஒலி வழியாகப் போகலாமே என்றால், மாண்டரினில் தொனியை நீக்கிப் பார்த்தால் மொத்தம் ஏறக்குறைய 400 அசைகள்தான். 6,763-ஐ 400-ஆல் வகுத்தால் ஓர் அசைக்குச் சராசரி 17 எழுத்து. ஒரே ஒலியைத் தட்டி 17 பேரை வரிசையில் நிறுத்தி, அதில் ஒருவரைக் கண்ணால் தேட வேண்டும். உருவ வழி பிறந்ததே இந்தத் தேடலைத் தவிர்க்கத்தான்.

தைவானில் அந்த வழியைத் திறந்தவர் சூ பாங்-ஃபூ. 1970-களின் தொடக்கத்தில் பிரேசிலில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். அங்கே புத்தகங்கள் அச்சேறும் வேகத்தைப் பார்த்துவிட்டு, சீன அச்சு ஏன் இப்படி ஊர்கிறது என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். 1976-ல் அவருடைய முறை வெளிவந்தது. லின் யூடாங் இறந்த ஆண்டும் அதுவே. தைவானை ஆண்ட சியாங் கை-ஷெக்கின் வளர்ப்பு மகன் சியாங் வெய்-குவோ பிறகு இதற்குச் சாங்ஜியே என்று பெயர் வைத்தார். சீன எழுத்தையே உருவாக்கியவர் என்று தொன்மம் சொல்லும் மனிதரின் பெயர் அது.

சாங்ஜியே முறையில் அடிப்படை உறுப்புகள் 24. ஆங்கில விசைப்பலகையின் ஏ முதல் ஜி வரையிலான ஏழு விசைகளில் சூரியன், நிலா, உலோகம், மரம், நீர், நெருப்பு, மண். தமிழ் வாசகருக்கு இந்த ஏழையும் நினைவில் வைப்பது எளிது, ஏனென்றால் இவை வாரத்தின் ஏழு நாள்கள். சீனத்தில் உலோகக் கோள் வெள்ளி, மரக் கோள் வியாழன், நீர்க் கோள் புதன், நெருப்புக் கோள் செவ்வாய், மண் கோள் சனி. ஆக, ஞாயிறு, திங்கள், வெள்ளி, வியாழன், புதன், செவ்வாய், சனி என்ற வரிசையில் அந்த விசைகள் நிற்கின்றன. அடுத்த ஏழு விசைகள் கோட்டு வடிவங்களுக்கு: மூங்கில், ஈட்டிக் கோடரி, சிலுவை போன்ற பத்து, பெரிது, நடு, ஒன்று, வில். அதற்கடுத்த நான்கு உடலுக்கு: ஆள், இதயம், கை, வாய். கடைசி ஆறு பொது வடிவத்துக்கு: பிணம், இருபது, மலை, பெண், வயல், குறி சொல்லும் கோடு. 7, 7, 4, 6. கூட்டினால் 24.

எடுத்துக்காட்டு ஒன்று. ஒளி என்பதற்கான எழுத்து சூரியனும் நிலாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது. ஏ, பி என்று இரண்டு தட்டு. தோப்பு என்பது இரண்டு மரம், ஆகவே மரம் விசையில் இரண்டு தட்டு. பெருங்காடு மூன்று மரம், மூன்று தட்டு. ஹாங்காங் என்ற பெயரே சீனத்தில் மணமுள்ள துறைமுகம். மணம்: மூங்கில், மரம், சூரியன். துறைமுகம்: நீர், இருபது, உலோகம், மலை. எத்தனை சிக்கலான எழுத்தானாலும் ஐந்து தட்டுக்கு மேல் போகாது. தலையிலிருந்து இரண்டு, உடலிலிருந்து மூன்று, நடுவில் இருப்பதை விட்டுவிடலாம் என்பது விதி. இப்படி விட்டுவிடுவதில்தான் இந்த முறையின் நுட்பம் இருக்கிறது. எதை எழுதுவது என்பதைவிட எதைத் தாண்டிப் போவது என்பதைப் பழகவே அதிக நாள் ஆகும்.

பழைய வடிவில் ஆமை என்ற எழுத்துக்கு 16 கோடுகள். ஓடு, கால், வால் எல்லாம் தெரியும் ஒரு படம். அதை எப்படிப் பிரிப்பது? சூ பிரிக்கவில்லை. எக்ஸ் விசைக்குக் கடினம் என்று பெயர் கொடுத்து, வில், கடினம், மலை என்று மூன்றே தட்டில் முடித்துவிட்டார். ஒழுங்கு என்ற பொருள் தரும் 14 கோட்டு எழுத்துக்கு இரண்டே தட்டு: குறி, கடினம். கையால் எழுதினால் 14 முறை தூரிகையை எடுத்து வைக்க வேண்டியதற்கு விரல் இரண்டு முறை அசைந்தால் போதும்.

இன்னொரு இணையை விட்டுவிட மனமில்லை. இன்னும் இல்லை என்பதற்கு ஓர் எழுத்து, முடிவு என்பதற்கு ஓர் எழுத்து. இரண்டிலும் ஐந்து கோடுகள், அதே இடங்களில். மேலே இருக்கும் இரண்டு கிடைக்கோடுகளில் எது நீளம் என்பது மட்டும்தான் வேறுபாடு. சாங்ஜியே முதலாவதைப் பத்து, மரம் என்றும், இரண்டாவதை மரம், பத்து என்றும் தட்டச் சொல்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீள வேறுபாட்டை விரலின் வரிசையாக மாற்றிய அந்த இடத்தை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

இடம் போதுமா என்று கணக்கிடுவோம். ஒரு தட்டுக் குறியீடுகள் 24, இரண்டு தட்டு 576, மூன்று 13,824, நான்கு 3,31,776, ஐந்து 79,62,624. மொத்தம் 83,08,824. பிக்-ஃபைவின் 13,053 எழுத்துகளுக்குப் பங்கிட்டால் ஓர் எழுத்துக்கு 636 இருக்கைகள். அப்படியும் சில எழுத்துகள் ஒரே இருக்கையில் மோதிக்கொள்கின்றன. சூரியனும், அதைவிடச் சற்று அகலமாக எழுதப்படும் சொல்லுதல் என்ற எழுத்தும் ஒரே விசையில்தான் வருகின்றன. சீன எழுத்துகள் நெருங்கிய உறவினர்களாக ஒரே தெருவில் குடியிருக்கின்றன. எத்தனை லட்சம் வீடு கட்டினாலும் அந்தத் தெரு நெரிசலாகத்தான் இருக்கும்.

தட்டிய எழுத்தைத் திரையில் வரைவது அன்று இன்னொரு செலவு. 16-க்கு 16 புள்ளியில் ஓர் எழுத்தை வரைய 256 புள்ளி, அதாவது 32 பைட். 13,053 எழுத்துக்கு 4,17,696 பைட். அக்காலத்து ஆப்பிள் டூ கணினியின் நிறைந்த நினைவகம் 49,152 பைட். எழுத்துப் படங்களை மட்டும் வைக்கவே எட்டரை ஆப்பிள் கணினிகள் வேண்டும். சூவின் விடை அழகானது. உறுப்புகளை மட்டும் சேமித்து வைத்து, தட்டும் குறியீட்டையே வரையும் கட்டளையாக்கினார். சூரியன், நிலா என்று சொன்னால் கணினி சூரியனையும் நிலாவையும் ஒட்டி எழுத்தைத் தானே செய்துகொள்ளும். எழுத்தைக் கேட்பதும் செய்வதும் ஒரே வாக்கியமாயின.

நான்யாங்கின் வாங் போன பாதை இன்னும் கறாரானது. தொடக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் தேவைப்பட்டன. அட்டைகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கி அதைப் படிப்படியாகக் குறைத்து, 1983-ல் 25 விசையில் நிறுத்தினார். முறையின் பெயர் ஊபி, ஐந்து கோடு. கிடைக்கோடு, நேர்கோடு, இடச்சாய்வு, புள்ளி, வளைவு என்ற ஐந்து வகைக் கோட்டில் எதில் தொடங்குகிறதோ அதன்படி உறுப்புகளை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஐந்து விசை கொடுத்தார். 1986-ன் பதிப்பில் 130 உறுப்புகள், அதாவது ஒரு விசைக்கு ஐந்துக்குச் சற்று மேல். எந்த எழுத்துக்கும் நான்கு தட்டே உச்சம். 25, 625, 15,625, 3,90,625: கூட்டினால் 4,06,900. அதில் 6,763 எழுத்துகள், தலைக்கு 60 இருக்கை. சாங்ஜியேயைவிட நெருக்கமான குடியிருப்புதான், ஆனால் தட்டு குறைவு.

கற்கும் செலவை வாங் பாட்டாக மாற்றினார். 25 விசைக்கு 25 அடிகள். 1990-களில் சீன நகரங்களின் கணினிப் பயிற்சி வகுப்புகளில் இதை வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். பதினாறாம் வாய்ப்பாடு சொல்லி வளர்ந்த யாருக்கும் அந்த வகுப்பறையின் ஓசை புரியும்.

இனி தட்டுகளை எண்ணிப் பார்க்கலாம். நோட்டில் சில சொற்களை எழுதி, எழுத்தை முடிக்கும் இடைவெளி விசையையும் சேர்த்து எண்ணினேன். ஒலி வழிக்குச் சீனப் பள்ளிகள் 1958 முதல் கற்பிக்கும் பின்யின் முறையை எடுத்துக்கொண்டேன்.

பெருங்காடு, இரண்டு எழுத்துச் சொல்: சாங்ஜியே 7, பின்யின் 7.
ஹாங்காங்: சாங்ஜியே 9, பின்யின் 10.
நன்றி: சாங்ஜியே 12, பின்யின் 7, ஊபி 4.
உடைய என்ற உருபு: சாங்ஜியே 5, பின்யின் 3, ஊபி 2.

கடைசி வரி சிறியதாகத் தெரியும். ஆனால் சீனத்தில் மிக அதிகமாக வரும் எழுத்து அந்த உருபுதான், நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு. ஆயிரம் எழுத்துள்ள கட்டுரையில் 40 முறை வந்தால் சாங்ஜியேயில் 200 தட்டு, பின்யினில் 120, ஊபியில் 80. வாங் இதைத் தெரிந்தேதான் செய்தார். நான், ஆள், இல்லை, உண்டு, ஒன்று, நடு, நாடு என 25 அன்றாட எழுத்துகளுக்கு ஒரே தட்டும் இடைவெளியும் போதும் என்று ஒதுக்கினார். சொற்றொடரிலும் அப்படித்தான். சீன மக்கள் குடியரசின் முழுப் பெயர் ஏழு எழுத்து. ஊபியில் முதல் மூன்று எழுத்தின் தலைவிசையும் கடைசி எழுத்தின் தலைவிசையுமாக நான்கு தட்டு. பின்யினில் முழுதாகத் தட்டினால் 23-ம் இடைவெளி ஒன்றும். இன்றைய மென்பொருளில் முதலெழுத்துகளை மட்டும் தட்டினாலும் 8.

ஆக, சாங்ஜியே தட்டு எண்ணிக்கையில் பெரிதாக மிச்சம் பிடிக்கவில்லை. ஊபி பிடிக்கிறது. ஆனாலும் இரண்டையும் பழகியவர்கள் தரும் மதிப்பு தட்டு எண்ணிக்கையில் அடங்காது. அவர்களுக்குப் பெரும்பாலும் பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை. மூலப்பிரதியின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு விரலை ஓட விடலாம். பின்யினில் தட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் கண் திரைக்கு ஓடி, இதுதானா என்று பார்த்துத் திரும்ப வேண்டும். உருவ முறைக்காரர் முன்பணத்தை மனப்பாடமாக மொத்தமாகக் கட்டிவிடுகிறார். ஒலி முறைக்காரர் வாழ்நாள் முழுவதும் சொல்லுக்கு ஒரு பார்வை என்று தவணை கட்டுகிறார்.

2006-ல் சோகோ பின்யின் மென்பொருள் வந்தபின் தவணை மலிந்தது. கோடிக்கணக்கானவர் இணையத்தில் தேடும் சொற்களைக் கற்று, வேண்டிய எழுத்தைப் பெரும்பாலும் முதலிடத்திலேயே நிறுத்தியது. முன்பணம் கட்ட யாருக்கும் பொறுமை இல்லாமல் போனது. சீனப் பெருநிலத்தில் இளையவர்கள் பின்யினிலேயே நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் இதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதற்குச் சீனத்தில் நான்கு எழுத்தில் ஒரு பெயரே இருக்கிறது: பேனாவைத் தூக்கினால் எழுத்து மறக்கிறது. ஒலியைத் தட்டித் தட்டி எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும், எழுதச் சொன்னால் கை நிற்கும். உருவ முறையில் தட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் எழுத்தைப் பிரித்துச் சேர்க்கிறார். ஒரு நாளைக்கு ஐயாயிரம் எழுத்து தட்டினால் ஐயாயிரம் முறை அதன் எலும்பைத் தொடுகிறார். எனக்கு இந்த முறைகள்மேல் உள்ள பாசம் இந்த இடத்தில்தான்.

ஹாங்காங்கின் கணக்கைத் தனியாக எழுத வேண்டும். அங்கே பேச்சு கான்டனீஸ். பின்யினோ மாண்டரினின் ஒலிக்கு. கான்டனீஸை ரோமன் எழுத்தில் எழுதப் பள்ளிகளில் பொதுவாகச் சொல்லித்தருவதில்லை. ஒலி வழியே பலருக்கு அடைபட்டிருக்கிறது, ஆனால் எழுத்தின் உருவம் எல்லோருக்கும் தெரியும். அதனால் அங்கு விற்கும் விசைப்பலகைகளில் ஆங்கில எழுத்தின் மூலையில் சூரியனும் நிலாவும் சிறிதாக அச்சாகியிருக்கும்.

ஆனால் பலர் முழுச் சாங்ஜியே கற்பதில்லை. குவிக் என்று அங்கே புழங்கும் சுருக்க முறையில் முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் மட்டும் தட்டினால் போதும். மீதியைப் பட்டியலிலிருந்து எண்ணால் எடுக்கலாம். ஹாங்காங் என்ற பெயர் 9 தட்டிலிருந்து 6-க்கு இறங்குகிறது. எத்தனை குறியீடு? எக்ஸை விட்டுவிட்டால் 24-ம் 576-ம் சேர்ந்து 600. பிக்-ஃபைவின் அன்றாட எழுத்துகள் 5,401. 600-ஆல் வகுத்தால் 9. பட்டியலின் ஒரு பக்கத்தில் நிற்கும் எழுத்துகளும் ஒன்பதே. பங்கீடு இத்தனை சீராக இருப்பதில்லை, சில குறியீட்டில் பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டும். ஆனாலும் தினமும் தட்டுகிறவருக்கு எந்த எழுத்து எந்தப் பக்கத்தில் எத்தனையாவது என்பது விரலுக்கே பழகிவிடுகிறது. லின் யூடாங் 1947-ல் செய்ததும் இதுவே: மேலே ஒன்று, கீழே ஒன்று, பிறகு ஓர் எண்.

கான்டனீஸ் பேச்சை எழுத வேண்டுமானால் இன்னொரு செலவு. அதற்கென்றே உள்ள பல எழுத்துகள் பிக்-ஃபைவில் இல்லை. ஹாங்காங் அரசு 1995-ல் 3,049 எழுத்துகள் கொண்ட துணைப் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. 1999-ல் அது பொதுமக்களுக்கான பட்டியலாகி 4,702 ஆனது, 2001-ல் 4,818, 2004-ல் 4,941, 2008-ல் 5,009. ஊர்ப்பெயர், ஆட்பெயர், வசைச்சொல், சந்தைப் பேச்சு எல்லாம் அதில் உண்டு. கொஞ்சம் என்ற பொருளில் கான்டனீஸ்காரர் வாய்க்கு வாய் சொல்லும் ஒரு சொல்லுக்கான எழுத்தும் இப்படிச் சேர்ந்ததுதான். மேலே பார்த்த உடைய என்ற உருபின் இடப்பக்கம் வாய் ஒன்றை ஒட்டிவிட்டால் அந்த எழுத்து. சாங்ஜியே தெரிந்தவர் அதை ஒருமுறை பார்த்தாலே போதும். வாய், மூங்கில், சூரியன், கோடரி என்று நான்கு தட்டு. உச்சரிப்பு தெரியாத மனிதரின் பெயரையும் இப்படியே தட்டலாம். ஒலி முறையில் அந்தப் பெயரை முதலில் யாரிடமாவது வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

வரவுப் பக்கத்தில் பெரிய எண் ஒரு பூஜ்யம். 1982-ல் சூ பாங்-ஃபூ சாங்ஜியே மீதான தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு காசு தர வேண்டாம். அன்றிலிருந்து பாரம்பரியச் சீனத்துக்கு என்று வந்த கணினிகளில் அது கூடவே வந்தது. விண்டோசில் இருக்கிறது, ஆப்பிளில் இருக்கிறது, கைபேசியில் இருக்கிறது. லின் 1,20,000 டாலர் கொடுத்தும் ஒரு பிரதிக்கு மேல் செய்ய முடியாத பொருளின் வாரிசு, விலையே இல்லாமல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த ஒற்றைப் பிரதி காணாமல் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2025-ல் நியூயார்க்கில் ஒரு வீட்டின் நிலவறையில் அகப்பட்டது. இப்போது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. செய்தி படித்த அன்று இரவு அதன் பெயரையே தட்டி எண்ணினேன். மிங்குவாய், இரண்டு எழுத்து. பின்யினில் இடைவெளி சேர்த்து 9. சாங்ஜியேயில் சூரியன், நிலா, இடைவெளி. இதயம், மரம், பெரிது, இடைவெளி: 7. குவிக்கில் 6. ஊபியில் 4. லின்னின் சொந்த இயந்திரத்தில் எழுத்துக்கு மூன்றாக 6.